கூத்து இரத்தத்திலா, முற்றத்திலா?

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடும் குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "அது அவையின்ர இரத்தத்தில ஊறினது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. படைப்பாற்றல் பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா? கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மகன் தகப்பனின் மரபணுவை மட்டுமா வாங்கினான்? ஒத்திகை நடக்கிற முற்றத்தில் மத்தளச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி, பெரியவர்களின் கால்களைப் பார்த்துப் பார்த்து ஆட்டம் பழகினவன் அவன்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான், ஒரே மரபணு கொண்ட இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிடும் இரட்டையர் ஆய்வுகள். 50 ஆண்டு ஆய்வுகளை 2015இல் சேர்த்துப் பார்த்தபோது, மனித இயல்புகளில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் பரம்பரையால் என்று வந்தது. இது எல்லா இயல்புகளுக்குமான சராசரி, படைப்பாற்றலுக்கு மட்டுமானது இல்லை. உங்கள் மகளின் கற்பனையில் பாதி உங்களுடையது என்றும் அர்த்தமில்லை. மூளையின் முன்பகுதியில் டோபமைன் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதிக்கு ஒரு மரபணு உண்டு, அந்த நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும், சிந்தனையின் போக்கில் அதற்குப் பங்கு இருக்கலாம். ஆனால் கற்பனைக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது.

சரி, வளர்ப்பு? அமெரிக்க உளவியலாளர் டயானா பவும்ரிண்ட் 1960களில் பிரித்த மூன்று வளர்ப்பு வகையும் எங்கள் ஊரிலும் உண்டு. கண்டிப்பு மட்டும் உள்ள வீட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் முடியும்வரை பிள்ளைக்கு விளையாட்டே இல்லை. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த தாய்க்குப் படிப்பு ஒன்றுதான் யாரும் பறிக்க முடியாத சொத்து. ஆனாலும் கேள்வி கேட்டால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை புதிதாக எதையும் செய்து பார்க்காது. கேட்டபோதெல்லாம் போனைக் கொடுத்து எந்த எல்லையும் வைக்காத வீடும் உதவாது. எல்லை வைத்து, காரணம் சொல்லி, மிச்சத்தைப் பிள்ளையிடம் விடுகிற மூன்றாவது வகைதான் என் தெரிவு. மரபணுவை நாங்கள் மாற்ற முடியாது, அதட்டலை மாற்றலாம்.

மாங்குளத்தில் அக்காவின் இளையவன் நுங்குக் கோம்பையில் சில்லு போட்டு ஒரு விளையாட்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் செய்தான். சில்லு ஆடியது. "புத்தகத்தை எடு" என்று அக்கா கத்தினாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, "ஏன் ஆடுது எண்டு பார், ஆறு மணிக்குப் படிக்கோணும்" என்றாள். அவன் அச்சாக இருந்த ஈர்க்கை உருவிவிட்டுப் பழைய சைக்கிள் கம்பியைச் செருகினான். மூத்தவனும் சின்னதில் இப்படிச் செய்தவன்தான், அவனிடம் அவள் "புத்தகத்தை எடு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.