ரூ.38,500 கொடுத்து வாங்கிய "பிரிசம்": சிலிண்டர் பவர் உள்ளவர்கள் துப்பாக்கிக்கு சைட் வாங்கும் முன் படிக்கவும்

பதினொரு நாள்களுக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, என் வீட்டுக்கு ஒரு கூரியர் பார்சல் வந்தது. அதற்காக நான் கொடுத்திருந்த தொகை ரூ.38,500. அந்தப் பணம் திரும்பி வராது என்பது நேற்று இரவு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்; ஆறவிட்டால் கடைக்காரரின் சார்பில் நானே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவேன் என்பது என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. காற்றுத் துப்பாக்கி, பெல்லட், ஸ்கோப், உறை ஆகியவற்றை ஒரு மாடி அறையில் அடுக்கி வைத்து விற்றுக்கொண்டு, வாட்ஸ்அப் குழு வழியாக வெளியூர்களுக்கும் அனுப்புகிற வகைக் கடை என்று சொன்னால் போதும். அஸ்டிக்மாடிசம் (சிலிண்டர் பவர் தேவைப்படும் கண் குறை) உள்ளவர்கள் எந்த சைட்டை, அதாவது துப்பாக்கியில் குறி பார்க்கும் கருவியை, தேர்ந்தெடுப்பது என்பதைப் பதிவின் இறுதியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 48. குறி பார்க்கும் வலக்கண்ணில் சிலிண்டர் பவர் மைனஸ் 1.75. கண்ணின் முன்படலமான கார்னியா பந்தைப் போல எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல், கரண்டியின் முதுகைப் போல ஒரு திசையில் கூடுதலாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைந்திருப்பதால், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் மறுபடியும் ஒரு புள்ளியாகக் குவிவதில்லை. இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் ஊசி ஊசியாகக் கதிர் நீளும். இதோடு வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்ட பிறகு, ஓபன் சைட்டில் பின்னால் இருக்கும் வெட்டு, குழல் முனையில் இருக்கும் குச்சி, தொலைவில் இருக்கும் தாள் ஆகிய மூன்றில் ஒன்றுகூடத் தெளிவாகத் தெரியாத நிலைக்கு வந்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டால் தீராதா என்று கேட்பவர்களுக்கு: கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்ததும் தலை முன்னால் சாய்கிறது, பார்வை லென்ஸின் நடுவை விட்டு மூக்கை ஒட்டிய மேல் ஓரம் வழியாகப் போகிறது. சரியான பவரில் செய்த கண்ணாடியாக இருந்தாலும் ஓரத்தில் அது சரியாக வேலை செய்வதில்லை. என்னைப் போல புரோகிரசிவ் லென்ஸ் போட்டிருப்பவர்களின் பாடு இன்னும் மோசம்.

என்னிடம் இருப்பது உரிமம் தேவைப்படாத .177 அளவு ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கி. மகள் ரைபிள் கிளப்பில் பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறி பார்க்கும் சைட்) பிரிவில் பயிற்சி எடுக்கிறாள். அவளைக் கொண்டுபோய் விடுகிற சாக்கில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தென்னந்தோப்பின் மண்மேட்டில் தாளை ஒட்டி வைத்து, 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் சுடுவதோடு என் விளையாட்டு முடிந்துவிடும். அதற்கு ரூ.38,500 செலவழிக்க வேண்டுமா என்று என் மனைவி கேட்டதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

சனிக்கிழமை மாலை நான் அந்தக் கடையின் படியேறியபோது வேறு யாரும் இல்லை. எந்தப் பொருளையும் கேட்பதற்கு முன்பு, என் கண் பரிசோதனைச் சீட்டை எடுத்து அவருடைய மேசைமேல் வைத்தேன். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் தெரியும். "தம்பி, எனக்கு இந்தக் குறை இருக்கிறது. ரெட் டாட் எனக்குச் சிதறித்தான் தெரியும், அதனால் அது மட்டும் வேண்டாம்" என்றேன். ரெட் டாட் என்பது, சிறிய எல்.இ.டி. ஒளியை வளைந்த கண்ணாடி ஒன்று திருப்பி அனுப்ப, வெகுதொலைவில் ஒரு சிவப்புப் புள்ளி மிதப்பது போலக் காட்டும் கருவி. நல்ல கண்ணுக்கு அதைவிட எளிய சைட் கிடையாது. என் கண்ணுக்கோ, கூர்மையான சிறு ஒளிப்புள்ளியைவிடக் கெட்ட பொருள் கிடையாது.

அவர் சீட்டை வாங்கி, கண் மருத்துவரைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ஆக்ஸிஸ் 90-ஆ சார்? எங்க மாமாவுக்கும் இதே கேஸ்தான். உங்களுக்கு பிரிசம்தான் சரிப்படும்" என்றார். சீட்டைத் தன் கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும் சார், உங்க பவருக்கு ஏத்த மாதிரி பார்த்துத் தர்றேன்." பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு பிரிசம் சைட்டை, அதாவது குறி ஒளிப்புள்ளியாக இல்லாமல் உள்ளிருக்கும் கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கும் சைட்டை, எடுத்து என் கையில் கொடுத்தார். அது உண்மையான பிரிசம். அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. சன்னல் வழியாக எதிரே இருந்த தையல்கடையின் பலகையைப் பார்த்தேன். கண்பக்கம் இருக்கும் டயாப்டர் வளையத்தை (பார்வைக்கு ஏற்பத் தெளிவைச் சரிசெய்வது) சற்றுத் திருப்பியதும், கண்ணாடியிலேயே செதுக்கப்பட்ட வட்டமும் அதன் நடுப்புள்ளியும் மை தொட்டு வரைந்தது போல எழுந்து நின்றன. சைட்டின் உள்ளே இருக்கும் சிவப்பு விளக்கை அணைக்கச் சொன்னார், அணைத்தேன். சிவப்பு போய், கறுப்புக் கோடு அப்படியே நின்றது. மூன்று ஆண்டுகளாகக் குறி பார்க்கும்போது நான் கூர்மையான ஒரு கோட்டைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆனாலும் கலங்கியது.

அவர் அதைக் கவனித்தார் என்று இப்போது தோன்றுகிறது. "இது டெமோ பீஸ் சார், பத்துப் பேர் கைபட்டது. புதுசு செவ்வாய்க்கிழமை வருது, கூரியர்ல போட்டுடுறேன்" என்றார். பாதித் தொகையை இப்போது தருகிறேன் என்றேன். ஸ்டாக்கை என் பெயரில் ஒதுக்க முழுத் தொகையும் வேண்டும் என்றார். யு.பி.ஐ.யில் ரூ.38,500 அனுப்பினேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்; குடித்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு, படியிறங்கினேன்.

வியாழக்கிழமை வந்த பெட்டியின் மேல் "பிரிசம்" என்று ஒரு ஒட்டுத்தாள், அதற்கு அடியில் வேறொரு அச்செழுத்தை மறைத்துக்கொண்டு ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஏறத்தாழ அதே அளவில், அதே கறுப்பில் ஒரு குழாய். பேட்டரி போடாமல் கண்ணில் வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. வட்டமும் இல்லை, கோடும் இல்லை. டயாப்டர் வளையமும் இல்லை. பேட்டரி போட்டதும், தண்ணீரில் விழுந்த குங்குமம் போல ஒரு சிவப்பு நடுவில் கரைந்து பரவியது. மகளிடம் கொடுத்தேன். "புள்ளி நல்லா வட்டமாதானேப்பா இருக்கு" என்றாள். இரண்டு எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அளவு) புள்ளி என்று உள்ளிருந்த காகிதம் சொன்னது. பத்து மீட்டரில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டரை மறைக்க வேண்டும். தோப்பில் போய்ப் பார்த்தபோது என் கண்ணில் அது, காற்றுத் துப்பாக்கித் தாளின் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு வெளியேயும் வழிந்தது. எது எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேனோ, அதே ரெட் டாட்டை, வேண்டும் என்று கேட்ட பொருளின் விலைக்கு அனுப்பியிருந்தார்.

அன்று மாலை தொலைபேசியில் பேசியபோது, "பிரைட்னஸைக் குறைச்சுப் பாருங்க சார்" என்றார். குறைத்தால் சிதறல் சற்று அடங்கும் என்பது உண்மை. ஆனால் பகல் வெளிச்சத்தில் புள்ளியே காணாமல் போகும். தவிர, நான் கேட்டது அதைப் பற்றி அல்ல. இது பிரிசமே இல்லை, விளக்கை அணைத்தால் உள்ளே ஒன்றுமில்லை என்றேன். "இது புது மாடல் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். வெள்ளிக்கிழமை, கைபேசிக் கேமராவை சைட்டின் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பினேன். உள்ளே செதுக்கிய கோடு எதுவும் இல்லை என்பதைக் காட்டுவதற்காக அனுப்பிய படம் அது. கேமராவுக்கு அஸ்டிக்மாடிசம் கிடையாதல்லவா, அதில் புள்ளி மட்டும் வட்டமாக விழுந்திருந்தது. உடனே பதில் வந்தது: "பாருங்க சார், டாட் பக்காவா இருக்கு. பொருள்ல குறை இல்லை."

அதற்கடுத்து வந்ததுதான் என்னால் இன்றுவரை செரிக்க முடியாதது. சனிக்கிழமை அவர் நம்பிக்கையோடு படமெடுத்துக்கொண்ட என் கண் சீட்டை எனக்கே திருப்பி அனுப்பி, சிலிண்டர் என்ற இடத்தில் சிவப்பில் வட்டம் போட்டு, "உங்க கண்ணுலதான் பிராப்ளம் சார், எந்த சைட் வாங்கினாலும் இப்படித்தான் தெரியும், நல்ல டாக்டரைப் பாருங்க" என்று எழுதியிருந்தார். நான் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த வாதமே அவருக்குக் கிடைத்திருக்காது. ஏமாந்துவிடக் கூடாது என்று நான் முன்கூட்டியே எடுத்து வைத்த ஒரே சீட்டை வைத்து என் வாயை அடைத்தார்.

பிறகு நடந்தவை வழக்கமானவை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார். முதலாளி ஊரில் இல்லை என்றார். அதுவரை அவர்தான் முதலாளி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ரூ.38,500க்குப் பதிலாக, ரூ.4,000 மதிப்புக்கு பெல்லட் எடுத்துக்கொள்ளும்படி ஒரு முறை சொன்னார். இணையவழி விற்பனையாளர், விவரித்ததற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் கூறுவதை எழுதி அனுப்பினேன். அதற்குக் கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம் பதிலாக வந்தது. நேரில் போனபோது கடைப் பையன் மட்டும் இருந்தான். அலமாரியில் அந்த டெமோ பீஸ் இருந்த இடம் காலியாக இருந்தது. நேற்று இரவு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன்; அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பதாக இருக்கிறேன்.

இதில் எரிச்சலை மூட்டும் இன்னொன்றும் உண்டு. சென்ற ஞாயிறு, மகளின் துப்பாக்கியை வாங்கி அவளுடைய பீப் சைட்டில் சும்மா கண் வைத்தேன். லென்ஸ் எதுவுமில்லை, ஒரு மில்லிமீட்டர் அளவிலான ஒரு துளை மட்டும். அந்தத் துளை, கண்ணுக்குள் பல கோணங்களில் புகும் ஒளியைத் தடுத்து நடுக்கதிரை மட்டும் விடுவதால், முன்வளையமும் தாளின் கறுப்பும் ஒரே நேரத்தில் எனக்குக் கூர்மையாகத் தெரிந்தன. என் துப்பாக்கியின் மேல் இருக்கும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் காடியில் அது போன்ற ஒன்றை மாட்டலாம். நான் இழந்த ரூ.38,500இல் சிறு பங்கு கூட ஆகியிருக்காது. விடை வீட்டிலேயே, மகளின் துப்பாக்கிப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன்; அதற்கான பொறுமை இப்போது இல்லை, அதனால் அவசரத்துக்குச் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். ரெட் டாட்டை வாங்கும் முன் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். புள்ளி சிதறினால் சைட்டை மட்டும் கையில் சுழற்றுங்கள். சிதறல் கூடவே சுழலாமல் நின்ற இடத்தில் நின்றால் அது உங்கள் கண், வாங்க வேண்டாம். பிரிசம் என்று சொன்னால் விளக்கை அணைத்துப் பாருங்கள், கறுப்புக் கோடு நிற்க வேண்டும். டயாப்டர் வளையம் கிட்டப்பார்வை, தூரப்பார்வையைத்தான் சரிசெய்யும், சிலிண்டரைச் சரிசெய்யாது. "உங்க பவருக்கு ஏத்த மாதிரி" என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னும் முன்னுமாக இரண்டு முறை உதைக்கும், அதைத் தாங்காத ஸ்கோப் சில நூறு குண்டுகளில் உதிர்ந்துவிடும். வேட்டைத் துப்பாக்கிக்காக 100 கெஜத்துக்குப் பாரலாக்ஸ் அமைத்த (அந்தத் தொலைவுக்கென்றே சரிசெய்த) ஸ்கோப்பில் 10 மீட்டரில் தாள் மங்கலாகத்தான் தெரியும். பார்த்த பீஸையே, சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கையோடு வாங்கி வாருங்கள்.

பில்லில் பொருளின் பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்த பில்லில் ரூ.38,500க்கு எதிரே "விளையாட்டுத் துணைக்கருவி – 1" என்று மட்டும் இருக்கிறது.