குறைந்த கட்டணக் கருத்தடை கிளினிக்குகள்: ரேட்டை விட ரசீதைப் பாருங்கள்

நாய், பூனைக்குக் குறைந்த கட்டணத்தில் கருத்தடை செய்யும் தொண்டு கிளினிக்குகளையும் முகாம்களையும் ஆபரேஷன் விஷயத்தில் பெரும்பாலும் நம்பலாம். முன்பரிசோதனையும் பிறகான கவனிப்பும்தான் இடத்துக்கு இடம் மாறும்.

ரேட் குறைவு என்றால் மருந்து மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நாள் முழுக்க ஒரே ஆபரேஷனை வரிசையாகச் செய்வதாலும், நன்கொடையும் மானியமும் மிச்சச் செலவைத் தாங்குவதாலும்தான் கட்டுப்படியாகிறது. தினமும் இதையே செய்யும் டாக்டருக்குக் கை பழகியிருக்கும். வெட்டு சின்னது, மயக்க நேரமும் குறைவு.

போனில் ரேட் கேட்கும்போதே அதில் என்னென்ன அடக்கம் என்று கேட்டுவிடுங்கள். வலி ஊசி, வீட்டுக்குத் தரும் வலி மருந்து, காயத்தை நக்காமல் தடுக்கும் கூம்புக் காலர், தையல் பிரிப்பது எல்லாம் தனித்தனியாக ஏறினால் மலிவு காணாமல் போய்விடும். ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) இருந்தாலோ சினையாக இருந்தாலோ கூடுதல் கட்டணம் கேட்பது நியாயம்தான். அப்போது இரத்தக் குழாய்கள் பருத்திருக்கும், ரத்தப்போக்கு அதிகம். பெட்டை நாய்க்கு ஹீட் முடிந்து 2-3 மாதம் பொறுப்பது நல்லது. விரை இறங்காத ஆணுக்கு வயிற்றைத் திறந்து தேட வேண்டிவரலாம், அதுவும் வேறு ரேட்.

இன்னும் இரண்டு கேள்விகள்: ஒவ்வொரு பிராணிக்கும் தனியாகக் கிருமி நீக்கிய கருவி செட் உண்டா? கண் விழிக்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

பக், புல்டாக், பெர்ஷியன் போன்ற தட்டை மூக்கு இனங்கள், வயதானவை, இதயக் கோளாறு உள்ளவை ஆகியவற்றை முகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம். இரத்தப் பரிசோதனையும் முழுக் கண்காணிப்பும் உள்ள மருத்துவமனைதான் சரி. கருப்பையில் சீழ் பிடித்திருந்தால் அது அவசர சிகிச்சை. மலிவு பார்க்கிற நேரமில்லை.

ஆபரேஷனுக்கு முன் போடும் பட்டினி விஷயத்தில்தான் அதிகம் சொதப்புகிறது. 'ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள்' என்று எல்லாருக்கும் ஒரே சீட்டைக் கொடுக்கும் இடங்கள் உண்டு. வளர்ந்த நாய்க்கு அது ஓரளவு சரி. சின்னக் குட்டிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் போனால் சர்க்கரை இறங்கி, மயக்கம் தெளியாமல் துவண்டுவிடலாம். வயதையும் எடையையும் சொல்லிக் கேளுங்கள். முயலைப் பட்டினியே போடக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் தையலை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், மறுநாள் ஒப்பிட உதவும். விளிம்பு லேசாகச் சிவந்திருப்பது சகஜம். சொட்டும் ரத்தம், நாற்றம், வாய் பிளந்த காயம், வெளிறிய ஈறு எதைப் பார்த்தாலும் உடனே ஓட வேண்டும். முகாம் கூடாரம் மறுநாள் அங்கே இருக்காது என்பதால் அவசர நம்பரை முன்பே வாங்கி வைப்பது முக்கியம். காலரை 10-14 நாள் கழற்றாதீர்கள். பாவம் பார்த்துக் கழற்றிய பத்து நிமிடத்தில் நக்கித் தையலைப் பிரித்துவிடும். நம் வீட்டு மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள்: பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், இபுப்ரோஃபென் நாய்க்கும் விஷம்.

ஆணுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகும் சில வாரங்கள் விந்து மிச்சமிருக்கும். ஒரே வீட்டில் ஆபரேஷன் ஆகாத பெட்டை இருந்தால் ஒரு மாதத்துக்கு மேலாவது பிரித்தே வையுங்கள்.