18 பல், 108 பிடி: ஒரு ட்ரையல்ஸ் சைக்கிளின் நெடுநாள் அனுபவம்

பாறைகளிலும் தடைகளிலும் கால் ஊன்றாமல் குதித்து ஏறுவதற்கான என் 20 அங்குல ட்ரையல்ஸ் சைக்கிளின் முன் ஃப்ரீவீல் (பெடல் தண்டான கிராங்கின் அச்சில் இருந்து, முன்னுக்கு மிதித்தால் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சுற்றினால் விட்டுவிடும் பல் சக்கரம்) பழுது நீங்கி மீண்டும் வண்டியில் ஏறியிருக்கிறது. அது கழற்றப்பட்டுக் கிடந்த நாட்களில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணா, நானும் இதே வண்டியை வாங்கலாமா? வாங்கினால் எடையைக் குறைக்க முதலில் எந்தப் பாகத்தை மாற்றுவது?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இருக்கை இல்லாத சட்டம், முன்னால் 20 அங்குலமும் பின்னால் அதைவிடச் சிறிய விட்டத்தில் தடித்த டயரும் கொண்ட சக்கரங்கள், முன்னால் 18, பின்னால் 12 என்ற பல் விகிதம் ஆகியவை இதைப் படிப்பவருக்குத் தெரிந்தவை என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்ல விரும்புவது, எடையைக் குறைப்பதில் எந்த இடம் பயன் தருகிறது, எந்த இடம் வஞ்சிக்கிறது என்பதைப் பற்றித்தான்.

பாறைமேல் பின்சக்கரத்தில் மட்டும் நின்று குதிக்கும்போது வண்டி முழுவதும் பின் அச்சைச் சுற்றியே சுழல்கிறது. என் வண்டியில் முன் அச்சு அங்கிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் தொலைவிலும், கிராங்க் அச்சு சுமார் 35 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன. ஆகவே முன்சக்கரத்தை உயரத்தில் தாங்கிப் பிடிக்கும் கைகளுக்கு, முன் அச்சில் குறைந்த 100 கிராம், கிராங்க் அச்சில் 285 கிராம் குறைந்ததற்குச் சமமாகத் தெரியும். வண்டியின் மூக்கைச் சட்டென்று தூக்கவோ பக்கவாட்டில் திருப்பவோ வேண்டியிருந்தால், தொலைவின் வர்க்கம் கணக்கில் வந்துவிடுவதால், அந்த வேறுபாடு எட்டு மடங்காகிறது. தராசில் வைத்தால் இரண்டும் ஒரே 100 கிராம்தான். பக்கவாட்டுக் குதிப்பில், முன்சக்கரம் மேலே போய், உடல் விரிந்து, பின்சக்கரத்தை இடுப்புக்குக் கீழே இழுத்துக்கொள்ளும் அந்த நொடியில், அவை வெவ்வேறு பொருள்கள்.

இந்தக் கணக்கின்படியே முன்பகுதியில் கை வைத்தேன். முன் டியூபை மெல்லியதாக மாற்றினேன். முன் டயரையும் ஹேண்டில்பாரையும் மாற்றினேன். அலுமினிய ஹேண்டில்பாரில் எடையைக் குறைத்தாலும் தடிப்பில் கஞ்சத்தனம் காட்டவில்லை. எஃகு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அதிர்வுகளை எத்தனை முறை வந்தாலும் தாங்கிக்கொள்ளும்; அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை இல்லை, ஒவ்வோர் அடியும் அதன் ஆயுளில் கழிகிறது. டைட்டானியம் போல்ட்டுகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எஃகின் அடர்த்தி 7.85 என்றால் டைட்டானியத்தினுடையது 4.4 அளவில்தான் இருப்பதால், போல்ட்டின் எடை பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் வண்டியிலுள்ள எல்லா போல்ட்டுகளும் சேர்ந்தே எடையில் சிறு பங்குதான். அலுமினியத்துக்குள் முறுக்கும்போது பிடித்துக்கொள்ளாமலிருக்க அதற்குரிய பசையைத் தடவியாகவும் வேண்டும். முன்பகுதியில் செய்த மாற்றங்களுக்குப் பின் வண்டி எனக்கு வேறொரு வண்டியாகவே மாறிவிட்டது. பாகாயத்துக்கு அப்பால் நண்பரின் நிலத்திலுள்ள பாறைகளில், முன்பு மூச்சைப் பிடித்து ஏறிய விளிம்புகளில் இப்போது நிதானமாக ஏறுகிறேன்.

இனி ஃப்ரீவீலுக்கு வருகிறேன். நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது இந்தப் பாகம் ஒன்றுதான். எடை குறைவு என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்ட இந்த ஃப்ரீவீலின் உள்ளே 36 பல் கொண்ட வளையமும், அந்தப் பற்களைப் பிடிக்க இரண்டிரண்டாக மூன்று அணிகளாய் வேலை செய்யும் 6 கொக்கிகளும் இருக்கின்றன. ஓர் அணி பிடித்திருக்கும்போது மற்ற இரண்டும் பல்லின் முதுகில் காத்திருக்கும். அதனால் ஒரு சுற்றுக்கு 108 பிடி, அதாவது ஏறத்தாழ 3.3 டிகிரி கிராங்க் அசைந்தாலே பிடித்துவிடும் நுட்பம் கிடைக்கிறது. ஆனால் எந்தக் கணத்திலும் முழுச் சுமையையும் தாங்குபவை இரண்டே கொக்கிகள்.

அந்தச் சுமை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 160 மில்லிமீட்டர் கிராங்கின் பெடலில் முழு எடையோடு நின்றாலே, 36 மில்லிமீட்டர் ஆரமுள்ள 18 பல் சக்கரத்தின் வழியே செயினில் ஏறக்குறைய 300 கிலோ இழுவிசை ஏறுகிறது. உள்ளேயுள்ள வளையத்தின் ஆரம் இன்னும் சிறியது என்பதால் கொக்கிகளின்மேல் 500 கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது. இது வெறுமனே நிற்பதற்கான கணக்கு. உதைத்துக் குதிக்கும்போது இதைவிடக் கூடும். இவ்வளவையும் தாங்க வேண்டிய பாகம் அமைந்திருப்பதோ கிராங்க் அச்சில், எடையைக் குறைப்பதால் மிகக் குறைந்த பயன் கிடைக்கும் இடத்தில். அந்த இடத்தில் சில பத்துக் கிராம்களைச் செதுக்கி எடுத்து, அதற்குக் கூடுதல் விலையும் வைப்பவர்கள்மீது எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

கொக்கி நழுவுவது சிறிய தொல்லை அன்று. பின் பிரேக்கை விடும் அதே கணத்தில் கால் பெடலை உதைக்கிறது, உடல் முழுவதும் முன்னோக்கிக் கிளம்பிவிட்டது, கைகள் நீண்டுவிட்டன. அந்த நேரத்தில் பெடல் காலடியிலிருந்து தொப்பென்று இறங்கினால் மார்பு ஹேண்டில்பாரிலும் முழங்கால் பாறையிலும் மோதும். ஒருமுறை நழுவிய ஃப்ரீவீலை உடம்பு மறப்பதேயில்லை. பழுது சரியாகிவிட்டது என்று அறிவுக்குத் தெரிந்தாலும் கால் தயங்குகிறது, தயங்கிய உதை குறுகிப்போகிறது, குறுகிய உதையால் பின்சக்கரம் விளிம்பைத் தொடாமல் கீழே விழுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். அந்த 108 பிடி தரும் மகிழ்ச்சி நான் எதிர்பார்க்காதது. நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு பெரிய உதை என்றால் பிடிகளின் எண்ணிக்கை பெரிதாகப் பொருட்டில்லை; பிரேக்கை விடுவதற்கு முன்பே பெடலில் எடையை ஏற்றிச் செயினை இறுக்கிவிட்டால் கொக்கி முன்னதாகவே பல்லில் உட்கார்ந்திருக்கும். நான் பழக்கிக்கொண்டிருக்கும் முறை இதுதான். புதிதாகக் கற்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஏனெனில் வெற்று இடைவெளியைத் தாண்டிப் பல்லில் வந்து மோதும் அடிதான் கொக்கியின் முனையை மழுக்குகிறது. ஆனால் பாறைக்குப் பாறை தொடர்ந்து குதிக்கும்போது, இறங்கிய இடத்தில் பின்சக்கரம் நிற்க, முன்சக்கரம் காற்றில் இருக்க, அடுத்த உதைக்காகப் பெடலைச் சற்றே பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அப்போது ஒரு மயிரிழை அளவு இழுத்தாலும் "டிக்" என்று பிடித்துக்கொள்கிறது. முன்னங்கால் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே, எனக்கு வேண்டிய அதே கோணத்தில் வந்து நிற்கிறது. 5 டிகிரிக்கு ஒருமுறை பிடிக்கும் 72 பிடி ஃப்ரீவீல் பொருத்திய நண்பர் வண்டியையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அது நல்ல, நம்பத்தக்க பாகம். எனினும் தொடர் குதிப்பில் அந்தத் துல்லியம் அதில் இல்லை.

பழுது நேர்ந்த விதம் எளிது. இரண்டு கொக்கிகளின் முனை மழுங்கி, கொக்கியைப் பல்லின்மேல் தள்ளும் சுருள் கம்பி ஒன்று உடைந்திருந்தது. விற்றவர்களிடம் மாற்றுக் கொக்கி கேட்டபோது, தனியாகத் தருவதில்லை, முழு ஃப்ரீவீலாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். நகம் போன்ற இரண்டு இரும்புத் துண்டுகளுக்காக ஒரு முழுப் பாகத்தின் விலையைக் கேட்பது நியாயமன்று என்று அவர்களிடமே சொன்னேன். பிறகு காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஃப்ரீவீலின் வெட்டுகளில் சரியாக உட்காரும் கழற்றும் கருவி ஒன்றைக் கடைந்து தந்தார். பெடலை மிதிக்க மிதிக்க, ஃப்ரீவீலைக் கிராங்கோடு இணைக்கும் மரை இறுகிக்கொண்டே போகும். கிராங்கை வைஸில் இறுக்கி, நீண்ட குழாயை நெம்புகோலாகப் போட்ட பிறகுதான் அசைந்தது. புதிய கொக்கிகளை எஃகில் வெட்டி, காய்ச்சிக் கடினமாக்கி அவரே பொருத்தினார். கிரீஸ் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கெட்டியான கிரீஸில் பாறைத்தூள் சேர்ந்தால் கொக்கி எழுந்து பல்லைப் பிடிக்கத் தாமதமாகும். மெல்லிய எண்ணெயை அடிக்கடி விடுவதே சரி.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் எனக்குக் குறையே இல்லை. மகுரா எச்.எஸ்.33 என்ற ஹைட்ராலிக் ரிம் பிரேக் பூட்டியிருக்கிறேன். ரிம்மின் பக்கச்சுவரைக் கிரைண்டிங் மெஷினால் சாய்கோடுகளாகச் சொரசொரப்பாக்கியிருக்கிறேன். நிறுவனம் பரிந்துரைப்பது கனிம எண்ணெய்தான். ஆயினும் ட்ரையல்ஸ் ஓட்டுநர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கப்படி நான் தண்ணீரை நிரப்புகிறேன்; எண்ணெயைவிடப் பிசுக்குத்தன்மை குறைவு என்பதால் விரலை எடுத்த உடனே பிரேக் கட்டை ரிம்மை விட்டுவிடுகிறது. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் உறைதடுப்பானைக் கலக்கிறார்கள். மார்கழி விடியலிலும் உறைநிலைக்கு அருகில் போகாத வேலூரில் அந்தக் கவலை இல்லை. துருவுக்கு அஞ்சி அவ்வப்போது மாற்றினால் போதும். நம்மூர் வெயில் தொல்லை தருவது டயரில்தான். 25 டிகிரியில் 20 பி.எஸ்.ஐ. அடித்த பின்சக்கரம் 45 டிகிரியில் 22ஐத் தாண்டிவிடுகிறது. இந்தக் குறைந்த காற்றழுத்தத்தில் அந்த இரண்டு பி.எஸ்.ஐ. வேறுபாடே பாறையைக் கவ்வுவதா வழுக்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே சித்திரை, வைகாசியில் விடியற்காலை தவிர வேறு நேரத்தில் நான் வண்டியை எடுப்பதில்லை. கோட்டை மதிலும் வள்ளிமலைச் சமணச் சிற்பங்களைச் சுற்றியுள்ள பாறைகளும் பார்க்க எவ்வளவு ஆசையைத் தூண்டினாலும் அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே டயர் படக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இத்தனை நாள் ஓட்டியதில் சட்டம் விரிசல் காணவில்லை, சக்கரங்கள் சிறிதளவே கோட்டம் எடுக்க நேர்ந்தன, பிரேக் ஒருநாளும் கைவிட்டதில்லை. நியாயமாக எண்ணிப் பார்த்தால் பாராட்டு வேண்டிய அளவுக்கு இருக்கிறது. ஆனாலும் இந்த வண்டியை இந்த ஃப்ரீவீலோடு வாங்கலாமா என்று தம்பி கேட்டால், வேண்டாம் என்றே இன்று சொல்வேன். காலடியில் நம்பிக்கை இல்லாத வண்டியில் மற்ற நன்மைகள் எல்லாம் இரண்டாவதாகிவிடுகின்றன. அவர் 72 பிடி கொண்ட, எடை சற்றுக் கூடிய ஃப்ரீவீலைப் போட்டுக்கொள்ளட்டும். செயினையும் எடைக்காக மாற்ற வேண்டாம். சைக்கிள் செயினுக்கான தரநிலை கேட்பது 8000 நியூட்டன் அளவிலான இழுவிசைதான், அதாவது 800 கிலோவுக்குச் சற்று மேல். உதையின்போது நாம் அந்த எல்லைக்கு வெகுதொலைவில் இல்லை. மிச்சமாகும் பணத்தில் முதலில் நல்ல பிரேக் கட்டைகளும், பிறகு முன் டியூபும் டயரும் வாங்கட்டும். என் வண்டியில் 108 பிடிதான் தொடரும், அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. அடுத்ததாக நான் எடை குறைக்கப்போவது துளையிட்ட முன் ரிம் ஒன்றை வாங்கித்தான்.