மாத்திரையா, ஓட்டமா, யோகாவா?

டிப்ரஷனுக்கு மாத்திரை நல்லதா, உடற்பயிற்சி நல்லதா என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது 2023-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஆய்வைத்தான். மனச்சோர்வோ பதற்றக் கோளாறோ இருந்த 141 பேரிடம், 16 வாரத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா, குழுவோடு சேர்ந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். எதுவானாலும் சரி என்ற சிலருக்கு மட்டும் குலுக்கல். மற்றவர்கள் அவரவர் விருப்பப்படி. 45 பேர் மாத்திரைக்குப் போனார்கள், 96 பேர் ஓட்டத்துக்கு.

16 வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் தேறியிருந்தார்கள். ஓடியவர்களுக்கு எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் எல்லாம் நல்ல பக்கம் நகர்ந்திருந்தன. மாத்திரைக்காரர்களுக்கு இவை கொஞ்சம் மோசமாகியிருந்தன. இதோடு நிறுத்தினால் ஓட்டம்தான் ஜெயித்தது. ஆனால் மாத்திரையைச் சொன்னபடி எடுத்தவர்கள் 82 சதவீதம். ஓட்டத்தைச் சொன்னபடி செய்தவர்கள் 52 சதவீதம்தான். ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேரால் தொடர முடியவில்லை. எதிலும் மனம் ஒட்டாமல் செய்துவிடுவதுதான் இந்த நோயின் குணம் என்பதால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்கு முன்னோடி 1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 50 வயதைக் கடந்த 156 பேர். சிலருக்கு ஏரோபிக் பயிற்சி (வேகநடை, மெல்லோட்டம் போன்றவை), சிலருக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, சிலருக்கு இரண்டும். மாத்திரை முதலில் வேகமாக வேலை செய்தது. 16 வாரத்தில் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. பத்தாவது மாதத்தில்தான் சுவாரசியம்: தேறியவர்களில் நோய் திரும்பியது பயிற்சிக் குழுவில் 8 சதவீதம், மாத்திரைக் குழுவில் 38, இரண்டும் சேர்ந்த குழுவில் 31. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்ற நம் கணக்கு அங்கே பலிக்கவில்லை. 'நானே முயன்று மீண்டேன்' என்ற தெம்பு மாத்திரை சேரும்போது குறைந்துவிடுகிறதோ என்று ஆய்வாளர்கள் யோசித்தார்கள். அது ஊகம்தான், இதை நம்பி யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

அதே குழு 2007-இல் 202 பேரை வைத்து இன்னொரு முறை பார்த்தது, இந்த முறை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் சேர்த்து. பயிற்சியாளர் முன்னிலையில் செய்தவர்களில் 45 சதவீதம் தேறினார்கள், வீட்டில் தனியாகச் செய்தவர்களில் 40, நிஜ மாத்திரையில் 47. வெற்று மாத்திரையிலேயே 31! உடற்பயிற்சியை அற்புத மருந்தாக விற்கிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைச் சொல்வதே இல்லை.

சரி, எந்தப் பயிற்சி? 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 218 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே பலன் தந்தன. நடனத்துக்கு எண் பெரிதாக வந்தது, ஆனால் ஆய்வுகள் குறைவு. தீவிரம் கூடினால் பலனும் கூடியது. யோகாவிலும் எடைப் பயிற்சியிலும் பாதியில் விட்டவர்கள் குறைவு என்பதுதான் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது. பெண்களுக்கு எடைப் பயிற்சியும் ஆண்களுக்கு யோகாவும் கூடுதலாக உதவியதாம். நம் ஊர் ஜிம்மிலும் யோகா வகுப்பிலும் எட்டிப் பார்த்தால் கூட்டம் நேர் எதிராக இருக்கும். யார் பயிற்சி செய்கிறார் என்பதை மறைத்து வைக்க முடியாது, எதிர்பார்ப்பே பலனைக் கூட்டிக் காட்டலாம் என்பதால், இந்த எண்களை அப்படியே நம்புவதற்கில்லை என்று அந்த ஆய்வே ஒப்புக்கொள்கிறது.

ஆகவே நடையா யோகாவா என்பதைவிட, தனியாகவா துணையோடா என்பதே எனக்கு முக்கியமான போட்டி. பிரிட்டனில் 361 நோயாளிகளுக்கு நேரிலும் போனிலும் 'நடமாடுங்கள்' என்று ஊக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது. நடமாட்டம் கூடியது, மனச்சோர்வு குறையவில்லை. அறிவுரை மலிவு, அதன் பலனும் அவ்வளவே. குறித்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிற ஒரு ஆள் இருந்தால் கதை மாறலாம்.

மனச்சோர்வு வராமல் தடுப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். நார்வேயில் 33,908 பேரை 11 ஆண்டுகள் கவனித்ததில், எல்லோரும் வாரம் ஒரு மணி நேரமாவது உடலை அசைத்திருந்தால் பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதம் தவிர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். வேர்க்க விறுவிறுக்க ஓடினார்களா, மெல்ல நடந்தார்களா என்பதில் வித்தியாசமில்லை.

படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், சாப்பாடு இறங்காதவர்கள், சாவைப் பற்றி நினைக்கிறவர்கள் விஷயத்தில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அவர்களுக்கு முதலில் மனநல மருத்துவர், அதன்பிறகுதான் நடை. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சி தொடங்கிய தைரியத்தில் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பது மருத்துவர் சொல்லித்தான். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.