பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போவதென்றால் தேவராவா, முட்டுக்காடா?

பள்ளி லீவு விட்டால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். நாட்டார் கலை பார்க்க மேற்கே போனால் கொச்சி தேவராவில் கேரள ஃபோக்லோர் மியூசியம். கிழக்கே போனால் சென்னையைத் தாண்டி முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற பழைய வீடுகளின் மியூசியம்.

அலைச்சல் குறைவு கொச்சிக்குத்தான். பாலக்காட்டில் ரயிலேறினால் 3 மணி நேரத்தில் எர்ணாகுளம், ராத்திரி வீடு திரும்பிவிடலாம். முட்டுக்காட்டுக்கு ஒரு ராத்திரிப் பயணம், அதற்கப்புறம் ஈசிஆர் வெயில். செவ்வாய்க்கிழமை விடுமுறை வேறு.

தேவராவில் கட்டடமே பார்க்க வேண்டியதுதான். பழைய கட்டடங்களின் மரத்தை வாங்கிச் சேர்த்து, மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என்று தளத்துக்கு ஒரு பாணியில் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே தெய்யம் என்ற வடகேரளச் சாமியாட்டத்தின் கோலங்கள், முகமூடிகள், விளக்குகள், எல்லாம் நெருக்கியடித்து. அமெரிக்காவின் சாண்டா ஃபேயில் 1953இல் திறந்த உலக நாட்டார் கலை மியூசியத்தைப் பற்றிப் படித்தது ஞாபகம் வரும். வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் ஜிரார்ட் 1978இல் அதற்குக் கொடுத்தவை லட்சத்துக்கும் மேல். அவற்றில் சுமார் 10,000 பொருட்களை, பக்கத்தில் விளக்கச் சீட்டே இல்லாமல் குட்டிக் குட்டி ஊர்களாக அடுக்கிவைத்தார். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் தேவராவில் "இதை வச்சு என்னப்பா செய்வாங்க?" என்று பையன் கேட்டபோது பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

முட்டுக்காட்டில் அந்தக் கேள்விக்கு வீடே பதில் சொல்லும். 1996இல் திறந்தது. இடிபட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கோட்டயம் பக்கத்து சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் கொட்டும் அறை எங்கே என்று நடந்தே தெரிந்துகொள்ளலாம். செட்டிநாட்டு வீட்டில் கொஞ்ச நேரம் உட்காரலாம். குயவர் சக்கரத்தில் பிள்ளைகள் கை வைத்தால் அப்புறம் கிளப்புவது கஷ்டம். குறை என்றால், எல்லாம் ரொம்பச் சுத்தம். அடுப்புப் புகை இல்லாத அடுக்களை.

பிள்ளைகளோடு என்றால் என் ஓட்டு முட்டுக்காட்டுக்கு. தனியாக, நின்று நிதானமாகப் பார்க்க தேவரா.

ஆனால் தோல்பாவை நிழற்கூத்துக்காக மட்டும் ரயிலேற வேண்டாம். அது நம் பாலக்காட்டுச் சொத்து. உற்சவ காலத்தில் பகவதி கோயில் கூத்துமாடத்துக்கு, அதாவது பாவைக்கூத்து ஆடும் மேடைக்குப் போங்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்த பத்ரகாளி ராவண வதத்தைப் பார்க்கவில்லையாம், அதனால் அவளுக்காக ஆடுவது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. திரைக்குப் பின்னால் 21 விளக்கு, வாயில் கம்பன் பாட்டு. போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலையாளி நண்பர் வரிக்கு வரி அர்த்தம் கேட்டார். சிலதற்கு நானும் முழித்தேன்.