லாக் அனுப்பும் பிளகினின் ஆவணம்: மூன்று வழிகள், ஓர் அலசல்

இராமநாதபுரக் கடற்கரையில் ஐஸ் கம்பெனிக்கோ குளிர்பதனக் கிடங்குக்கோ கணினி ஏற்பாடு செய்து தருபவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கிடங்கின் ஒரு மூலையில் உள்ள சிறு கணினி, அறை வெப்பநிலையையும் கம்ப்ரசர் ஓடும் நேரத்தையும் லாக்காக, அதாவது நேரவாரியான பதிவாக, எழுதிக்கொண்டே இருக்கிறது. ஒரு பிளகின் (லாக் அனுப்பும் மென்பொருளோடு சேரும் சிறு துணை நிரல்) அந்த லாக்கை எடுத்து, வெளியூரில் உள்ள எலாஸ்டிக்சர்ச் அல்லது ஓப்பன்சர்ச் சர்வருக்கு அனுப்புகிறது. இவ்விரண்டும் லாக்கைச் சேமித்துத் தேட உதவும் மென்பொருட்கள். இடையில் இருப்பது மொபைல் இணைப்பு மட்டுமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத இவருக்குப் பிளகினின் ஆவணமே, அதாவது பயன்பாட்டு விளக்கமே, துணை என்பதால், எந்த வழியில் ஆவணத்தைப் புதுப்பித்தால் இவருக்குப் பயன்படும் என்பதையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

இந்த ஆவணங்கள் விரைவில் பழசாவதற்குக் காரணம் உண்டு. 2021 ஜனவரியில் எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கும் எலாஸ்டிக் நிறுவனம் அதன் உரிமத்தை மாற்றுவதாக அறிவித்தது. அதையடுத்து எலாஸ்டிக்சர்ச்சின் 7.10.2 பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் தனி மென்பொருளாகக் கிளைத்து, அதே ஆண்டு ஜூலையில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. பிறகு எலாஸ்டிக்சர்ச்சின் கிளையன்ட் நூலகங்கள் (சர்வரோடு பேசப் பிளகின்கள் பயன்படுத்தும் நிரல்கள்), எதிரே இருப்பது தங்கள் சர்வர்தானா என்று சோதித்து, இல்லையென்றால் இணைய மறுக்கத் தொடங்கின. ஒரே பிளகின் இரண்டுக்கும் போதும் என்று எழுதியிருந்த வரிகள் அன்றோடு செல்லாதவையாயின.

முதல் வழி, லாக் திரட்டி அனுப்பும் மென்பொருளான ஃப்ளூயன்ட்டியின் எலாஸ்டிக்சர்ச் பிளகின் பின்பற்றுவது: நிரலுக்கு அருகிலேயே நீண்ட ரீட்மீ, அதாவது விளக்கக் கோப்பு. நிரலை மாற்றுபவரே ஆவணத்தையும் அதே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) திருத்தலாம் என்பது இதன் பெரிய பலம். பயனர்கள் முட்டிமோதிக் கற்றவையும் இதில் வந்து சேர்கின்றன. சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் ரிக்வெஸ்ட் டைம்அவுட் என்ற அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பு மதிப்பு 5 நொடி. மண்டபத்துக் கிடங்கிலிருந்து போன லாக் தொகுப்பை சர்வர் பெற்றுப் பதிந்துவிடுகிறது, ஆனால் பதில் திரும்ப 7 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிளகின் அதைத் தோல்வி என்று கருதி, அதே தொகுப்பை மறுபடி அனுப்புகிறது. அதே வெப்பநிலை வரி இரண்டு முறை பதிவாகிவிடும். டைம்அவுட்டைக் கூட்டுவது பாதித் தீர்வு. ஒவ்வொரு பதிவுக்கும் ஹாஷ் அடையாளம் (அதற்கே உரிய எண்ணெழுத்துக் கோவை) உருவாக்கி, அதையே சர்வரில் அப்பதிவின் ஐடியாகக் கொடுத்தால்தான் மறுமுறை வருவது பழையதன் மேலேயே எழுதப்படும். ரீட்மீ இந்த இரண்டையும் சொல்கிறது. ஆனால் வெவ்வேறு இடங்களில் சொல்வதால், இரட்டைப் பதிவைக் கண்டு திகைப்பவர் தாமாகவே இணைத்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மிக நீண்ட பக்கத்தில் அது எளிதன்று.

இரண்டாவது வழி, லாக் அனுப்பும் மற்றொரு மென்பொருளான லாக்ஸ்டாஷினுடையது. பிளகினின் நிரல் களஞ்சியத்தில் தனி ஆவணக் கோப்பு இருக்கும்; அது பதிப்புவாரியான கையேட்டில் சேர்க்கப்படும். லாக்கை எலாஸ்டிக்சர்ச்சுக்கு அனுப்பும் அதன் அவுட்புட் பிளகினின் 12.0 பதிப்பில் பழைய எஸ்எஸ்எல் (இணைப்பை மறையாக்கிப் பாதுகாப்பது) அமைப்புகள் நீக்கப்பட்டன. வெறும் 'எஸ்எஸ்எல்' என்றிருந்தது 'எஸ்எஸ்எல் எனேபிள்ட்' ஆனது, சான்றிதழ் கோப்பைக் குறிக்கும் பெயரும் மாறியது. பழைய பெயரை விட்டுவைத்தால் பைப்லைன், அதாவது லாக் அனுப்பும் ஓட்டம், கிளம்பவே கிளம்பாது. இத்தகைய நேரத்தில் பழைய பதிப்பின் பக்கத்தையும் புதியதன் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிவது பெரும் உதவி. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கிடங்கில் வரத்து குறைந்திருக்கும் அந்த நாட்களே பதிப்பை மாற்றத் தோதானவை. மாற்றாத ஊரில் பழையதும், மாற்றிய ஊரில் புதியதுமாக ஓடும்போது, கடைசிப் பதிப்பை மட்டும் பேசும் ஆவணம் பாதிப் பேருக்குப் பொய் சொல்கிறது.

மூன்றாவது, லாக் அனுப்பும் இன்னொரு மென்பொருளான ஃப்ளூயன்ட் பிட் போல ஆவணத்துக்கென்றே தனிக் களஞ்சியம். எழுத்து நடை சீராக இருக்கும். நிரல் தெரியாதவரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் நிரல் ஓரிடம், ஆவணம் வேறிடம் என்பதால், ஒன்றில் நிகழ்ந்த மாற்றம் மற்றதில் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். எலாஸ்டிக்சர்ச் 8-இல் டைப் (பதிவுகளை வகை பிரிக்கும் பெயர்) என்ற கருத்தே நீக்கப்பட்டதால் 'சப்ரெஸ் டைப் நேம்' அமைப்பை ஆன் செய்யாவிட்டால் பிழை வரும் என்பதும், எத்தனை முறை மறுபடி அனுப்பிப் பார்ப்பது என்று சொல்லும் 'ரீட்ரை லிமிட்' இயல்பாக 1 மட்டுமே என்பதும் வெவ்வேறு பக்கங்களில் உள்ளன. இரண்டாவது செய்தி நமக்கு உயிர்நாடியானது. ஒரு மறுமுயற்சியும் தோற்றால் அந்தத் தொகுப்பு கைவிடப்படும். மழையிரவில் அரைமணி நேரம் இணைப்பு போனால் அந்த நேரத்து வெப்பநிலை திரும்பக் கிடைக்காது. அதை அவுட்புட் பிளகினின் பக்கத்திலேயே, முதல் மாதிரி அமைப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றிலும் நான் தேர்வது இரண்டாவதையே. ஆனால் முதலாவதன் ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு. அமைப்புகளின் பெயர், வகை, இயல்பு மதிப்பு ஆகியவற்றின் அட்டவணையைக் கையால் எழுதத் தேவையில்லை. ஃப்ளூயன்ட்டியுடன் வரும் 'ஃப்ளூயன்ட் பிளகின் கான்ஃபிக் ஃபார்மட்' கட்டளை, நிரலில் உள்ள விளக்கங்களிலிருந்தே அதை மார்க்டவுனாக (எளிய உரை வடிவில்) எடுத்துத் தருகிறது. மதிப்பு 5 நொடி என்று கருவி சொல்லும். அந்த 5 நொடியால் என்ன ஆகும் என்பதை மனிதர்தான் எழுத வேண்டும். ஆகவே புதுப்பிக்க அமர்பவர் அட்டவணையைக் கருவியிடம் விட்டுவிட்டு, மீதி நேரம் முழுவதையும் இணைப்பு அறுந்தால், சர்வர் பதில் தாமதித்தால், பஃபர் (அனுப்பக் காத்திருக்கும் லாக்கின் தற்காலிக இருப்பிடம்) நிரம்பினால் என்ன நடக்கும் என்ற மூன்று பகுதிகளுக்குச் செலவிட வேண்டும். ஒவ்வொன்றின் தலைப்பும் அமைப்பின் பெயராக இல்லாமல், லாக்கில் கண்ணில் படும் பிழைச் செய்தியாக இருக்கட்டும். கிடங்கில் நிற்பவர் தேடுவது அதைத்தான்.