புதுச்சேரியில் ஓர் ஓவிய அச்சுக் கடை: ஜுகோவ்ஸ்கியின் வெளிச்சம் எவ்வளவு மிஞ்சுகிறது?

புதுச்சேரியின் பழைய கடைவீதிப் பகுதியில் ஓவியங்களை அச்சிட்டுச் சட்டமும் போட்டுத் தரும் ஒரு சிறிய கடையில், ரஷ்ய ஓவியர் ஸ்தானிஸ்லாவ் ஜுகோவ்ஸ்கி 1912-இல் வரைந்த ‘மகிழ்ச்சியான மே’ ஓவியத்தின் படியை முதலில் கேன்வாஸிலும் பிறகு பருத்தித் தாளிலும் செய்து வாங்கினேன். தாள் அச்சை எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கேன்வாஸ் அச்சை, குறைந்தபட்சம் இந்த ஓவியருக்கு, பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம் ஓவியத்திலேயே இருக்கிறது. ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ ஓவியப் பள்ளியில், புகழ்பெற்ற ரஷ்ய நிலக்காட்சி ஓவியர் லெவிட்டானிடம் நிலக்காட்சி பயின்றவர். இன்றைய பெலாரஸைச் சேர்ந்த க்ரோட்னோ பகுதியில், ரஷ்யப் பேரரசுக்கு எதிரான 1863-ஆம் ஆண்டு எழுச்சியில் பங்கேற்றதற்காகத் தன் சொத்துரிமையை இழந்த போலிஷ் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த இழப்பை அறிந்துகொண்டு பார்க்கும்போது, பிறருடைய மாளிகைகளின் வரவேற்பறைகளையும் நூலகங்களையும் அவர் ஏன் அத்தனை வாஞ்சையோடு திரும்பத் திரும்ப வரைந்தார் என்பது ஓரளவு விளங்குவதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த அறைகளில் பெரும்பாலும் மனிதர்கள் இருப்பதில்லை. பழைய நாற்காலிகள், சுவரில் முன்னோர் படங்கள், திறந்த ஜன்னல், அதன் வழியே உள்ளே வந்து தரையில் படுத்திருக்கும் வெயில் ஆகியவைதாம் இருக்கும். ‘மகிழ்ச்சியான மே’யும் அப்படி ஓர் அறைதான். ரஷ்யாவின் நீண்ட குளிருக்குப் பின் முதன்முறையாக ஜன்னலைத் திறந்த வீட்டின் வெளிச்சம் அது. நிழல்களைக் கறுப்பால் நிரப்பாமல் நீலமும் ஊதாவும் கலந்து வரைந்திருப்பதால்தான் வெயிலின் மஞ்சள் அப்படிச் சுடர்கிறது; அச்சில் அந்த நீலம் சாம்பலாக மாறிவிட்டால் எஞ்சுவது பழைய மரச்சாமான்களின் படம் மட்டுமே.

கேன்வாஸ் அச்சில் நேர்ந்தது இதுதான். மூல ஓவியத்தைப் படமெடுக்கும்போதே அதன் தூரிகைத் தடங்களும் பதிவாகிவிடுகின்றன. அவற்றை நெசவுத் துணியின்மேல் அச்சிடும்போது ஓவியரின் தடமும் துணியின் இழையும் ஒன்றோடொன்று மோதி, தரையில் விழுந்த வெயிலின் விளிம்புகள் கலங்கிவிட்டன. போதாததற்கு, மேலே பூசிய பளபளப்பு வார்னிஷ் கூடத்து விளக்கைப் பிரதிபலித்தது. அசல் எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற வேண்டும் என்ற ஆசையில் பலரும் கேன்வாஸைத்தான் கேட்கிறார்கள், கடையும் முதலில் அதையே எடுத்துக் காட்டுகிறது.

பளபளப்பற்ற பருத்தித் தாளில் நிறமி மையால் (நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த மை) அடித்த அச்சு முற்றிலும் வேறு. அவ்வகைத் தாளில் ஆழ்ந்த கறுப்பு ஏறாது என்பது உண்மையே. ஆனால் கறுப்பையே அதிகம் நம்பாத ஓர் ஓவியத்துக்கு அது குறையாகத் தெரியவில்லை. நிழலின் நீலம் நீலமாகவே நின்றது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் வசந்தகாலப் பசுமை கண்ணைக் குத்தாமல் அடங்கி இருந்தது. முழு அளவில் அடிப்பதற்கு முன் ஒரு சிறு பட்டையைச் சோதனையாக அடித்துக் காட்டும்படி கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்ததோடு, நீலம் சற்று அதிகமாக இருப்பதை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முதற்காரணம் அவருடைய அந்தக் கண்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் டிஜிட்டல் கோப்பு பற்றி ஒரு சொல். 24 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 7200 புள்ளிகள் அகலமுள்ள படம் தேவை. கைப்பேசியில் தேடி எடுத்த படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் எந்தக் கடையாலும் நல்ல அச்சைத் தர முடியாது. ஓவியர் 1944-இல், நாஜி ஜெர்மனிக்கு எதிரான வார்சா எழுச்சி ஒடுக்கப்பட்ட பின், நாஜிகளின் ப்ருஷ்கோவ் முகாமில் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால் படி எடுப்பதில் சிக்கல் ஏதுமில்லை. கடையின் வழக்கமான அளவுகளுக்குப் பொருத்துவதற்காக ஓவியத்தின் ஓரத்தை வெட்ட மட்டும் அனுமதிக்காதீர்கள். நான்கு புறமும் வெள்ளை விளிம்பு விடச் சொல்லுங்கள்.

சட்டம் போடுவதில்தான் கடலோர ஊரில் இருப்பவர்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும், இந்தக் கடையின் அருமையும் அங்கேதான் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே சுவரே வியர்க்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைச் சட்டம் ஈரத்தில் உப்பிவிடும். சாதாரண ஆணியும் கொக்கியும் உப்புக்காற்றில் துருவேறி, தாளின் பின்புறத்தில் பழுப்புக் கறையை விட்டுவிடும். கடைக்காரர் தேக்குச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் போட்டு, கண்ணாடி தாளைத் தொடாமல் இருக்க நடுவே படத்தைச் சுற்றி வரும் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து, பின்புறம் முழுவதையும் நாடாவால் மூடி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோட இடம் இருக்கும்படி கீழ்மூலைகளில் சிறு குமிழ்களையும் ஒட்டினார். கண்ணாடி தாளில் ஒட்டிக்கொண்டால் அங்கேதான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும் என்று விளக்கியும் சொன்னார். அச்சைவிடச் சட்டத்துக்கே அதிகம் செலவாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடியவில்லை, தொலைபேசியில் கேட்டால்தான் பதில் கிடைத்தது. மாதிரிப் படங்களின் தொகுப்பில் இந்த ஓவியத்துக்குக் கீழே ‘பழைய அறை’ என்று மட்டும் இருந்தது. ஓவியரின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கி சிறிது காலம் ஓவியம் பயின்றது இவருடைய பயிற்சிக் கூடத்தில்தான். அப்படிப்பட்டவர் பெயரின்றி விற்கப்படுவது மனத்தை உறுத்துகிறது. சொன்னவுடன் கடைக்காரர் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, என் சட்டத்தின் பின்புறத்தில் அச்சிட்ட சீட்டாகவும் ஒட்டிக் கொடுத்தார்.

பிரெஞ்சுப் பகுதி வீடுகளைப் போல உயரமான ஜன்னல்கள் உள்ள கூடத்தில் மாட்ட நினைப்பவர்கள், ஜன்னலுக்கு நேரெதிர்ச் சுவரைத் தவிர்த்துப் பக்கச் சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நிறமி மை சாய மையைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், நேரடி வெயிலில் அதுவும் வெளிறும். மழை தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசிக்குள் வேலையைக் கொடுத்துவிடுங்கள். அடைமழையில் தாளும் மவுண்ட் அட்டையும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், அந்த மாதங்களில் சட்டம் மூடும் வேலையைக் கடைக்காரரே தள்ளிப்போடுகிறார்.